முத்துப்பேச்சியின் முழம்

முத்துப்பேச்சி என்னைவிடப் பதினோரு அங்குலம் உயரம். நாங்கள் இருவரும் திண்டுக்கல் கடைவீதியில் சேர்ந்து நடந்து போனால் யாராவது ஒருவர் சிரிக்காமல் இருந்ததில்லை. "ஒட்டடைக் கம்பும் வெளக்கமாறும் போகுது பார்" என்பார் ஒரு பூட்டுக்கடைக்காரர். வெளக்கமாறு நான்தான். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று ஒரு பழமொழி சொல்வார்களே, அதற்குத் தக்கபடி நடந்துகொள்வது என் வழக்கம்; திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் இருந்தது. அவளுக்கு அது கிடையாது. யாராவது சிரித்தால் தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, இரண்டு அங்குலம் குறைந்துபோய் நடப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுக்கு ஊர் ஆத்தூர் பக்கம். அப்பா பெருமாள்சாமிக்கு ஒரு ஏக்கர் பூந்தோட்டம். அம்மா பழனியம்மாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்பார். உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் நிற்கிற என் உயரம் இருப்பார் அந்த அம்மாள். பூக்காரர்களுக்கு அளவுகோல் கைதானே? முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். பழனியம்மாளின் கை நீளத்துக்கு மற்றவர்களின் ஒன்றேகால் முழம் இவருக்கு ஒரு முழம். என் அம்மா மாதா படத்துக்குப் பூ வாங்க வரும்போது வழியில் மூன்று பூக்காரிகளைத் தாண்டிப்போய் அவரிடம்தான் வாங்குவார். கோயில் வேறு, வேதம் வேறு என்றாலும் முழம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வியாபாரத்தில் பேர் வாங்கிக் கொடுத்த அதே நீளம் கல்யாணத்தில் காலை வாரியது. பெருமாள்சாமி மனைவியைவிட ஒரு அடி குட்டை. அவர்கள் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது அவருக்குக் கை எட்டவில்லை. பழனியம்மாள் குனிந்து வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ "ஏலே, ஏணி கொண்டாங்கடா" என்றானாம். அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் ஏணிப் பெருமாள். பத்துப் பெருமாள்சாமி இருக்கிற ஊரில் அடையாளத்துக்குச் சொல்கிறோம் என்பார்கள். அடையாளமாவது ஒன்றாவது, இளக்காரம்தான்.

அதனால் மகளுக்கு மாப்பிள்ளை அவளைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பெண் பார்க்க வந்த மூன்று பேரை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு அவரே அனுப்பிவிட்டார். அவளைப் பி.யு.சி.க்கு அனுப்பியதும் பிறகு பி.ஏ.யில் சேர்த்ததும்கூட உயரமான ஒருத்தன் கிடைக்கிற வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான். அறுபத்தேழாம் வருடம் ஐப்பசியில் அந்த ஒருத்தன் கிடைத்தார். எரியோடு என்கிற ஊர்க்காரர், பெயர் சோலைமலை, ஆறடி இரண்டங்குலம். வயது நாற்பத்திரண்டு, மனைவி இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. முத்துப்பேச்சிக்கு அப்போது பத்தொன்பது.

அந்த நேரத்தில் எங்கள் கல்லூரியில் வாலிபால் அணி கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கல்லூரி புதுசு. விளையாட்டு டீச்சர் இஞ்ஞாசியம்மாள் அதைவிடப் புதுசு. இருபத்தாறு வயது, நாலு ஊருக்குக் கேட்கிற குரல், எதையும் இன்றைக்கே முடிக்க வேண்டும் என்கிற அவசரம். வாலிபாலை அவர் அதற்குமுன் ஆடியதில்லை, அட்டை கிழிந்த ஒரு விதிப்புத்தகத்தில் படித்திருந்தார். பெண்களுக்கு வலையின் உயரம் ஏழடி நாலங்குலம் என்று அதில் போட்டிருந்தது. ஆபீசில் இருந்த அளவு நாடாவைக் கட்டட வேலைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. நாடா வருகிற வரை காத்திருப்பது அந்த டீச்சருக்கு ஆகிற காரியமா? தரையில் குச்சியால் கணக்குப் போட்டார். ஒரு முழம் ஒன்றரை அடி. ஐந்து முழம் ஏழரை அடி. அதில் இரண்டங்குலம் கழித்தால் ஏழடி நாலங்குலம். கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

யாருக்குச் சரியாக முழம் போடத் தெரியும் என்று கேட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாங்கள் எல்லோரும் முத்துப்பேச்சியைக் காட்டினோம். பூக்காரி மகள். அவள் வாழைநாரை எடுத்துச் சர்ரென்று ஐந்து முழம் போட்டு, இரண்டங்குலம் மடக்கி, கம்பத்தடியிலிருந்து பிடித்து மேலே கரியால் கோடு இழுத்தாள். அதற்கு அவளுக்கே ஒரு ஸ்டூல் வேண்டியிருந்தது. அந்தக் கோட்டில் வலை ஏறியது.

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி.

பந்து வலையைத் தாண்டவே மாட்டேன் என்றது. சர்வீஸ் போட்டால் வலையில் விழும். தூக்கிக் கொடுத்தால் வலைக்குக் கீழே நிற்கும். மற்றவர்களை விடுங்கள், முத்துப்பேச்சியே குதித்து அடித்தால் உள்ளங்கை வலையின் மேல்கயிற்றில் பட்டுச் சிவந்துபோகும். இவளை நம்பித்தான் டீச்சர் அணியே கட்டினார். வாலிபாலுக்கு உயரம்தான் மூலதனம், மற்ற கல்லூரியில் இப்படி ஒருத்தி கிடைக்கமாட்டாள் என்று முதல்வரிடம் சொல்லித்தான் பந்து வாங்கினார். இப்போது அவர் அழாத குறை. ஆள் வளர்ந்த அளவுக்கு ஆட்டம் வளரவில்லையே என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். முத்துப்பேச்சி இரண்டங்குலம் குறைந்தாள்.

டீச்சருக்கே சந்தேகம் வந்து, பையன்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் சூசையை ஒருநாள் கூட்டிவந்தார். அவர் வலைக்கடியில் நின்று கையை உயர்த்திப் பார்த்தார். சரியாகத்தான் கட்டியிருக்கிறீர்கள் என்றார். நாலு பந்தை டமார் டமார் என்று அடித்துக் காட்டினார். குறை எங்கள் காலில்தான், எழும்புகிற பலம் போதாது, தினமும் விடிந்ததும் மலைக்கோட்டைப் படி ஏறுங்கள் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். பெரிய மனுஷன் பேச்சு. நாங்கள் ஏறினோம். நாலு மாதம் ஏறினோம். அந்தப் பாறையைப் பார்த்தாலே இன்றைக்கும் எனக்குக் கெண்டைக்கால் வலிக்கும்.

பந்து தூக்கிக் கொடுப்பது என் வேலை. குட்டையாக இருப்பவளை வேறெங்கே போடுவது? ஆனால் அந்த வலைக்கு மேலே, முத்துப்பேச்சியின் கைக்கு எட்டுகிற உயரத்துக்குப் பந்தைத் தூக்குவதென்றால் என் விரலெல்லாம் வீங்கிப்போகும். நூறு, இருநூறு என்று தூக்குவேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஐப்பசி கடைசியில்தான் மூன்றில் ஒரு பந்து தாண்டியது.

எரியோட்டுப் பேச்சு வந்த மறுநாள், மலைக்கோட்டைப் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கீழ்ப்படியில் நின்றேன். அப்போதும் அவள் முகம் எனக்கு மேலேதான் இருந்தது.

"வீட்டுலயும் இந்த ஒசரம் ஆகல, இங்கயும் ஆகலன்னா, எதுக்குடி புஷ்பம் சாமி என்னைய இம்புட்டு வளத்துச்சு?"

வாய்க்குப் பேர்போன இந்தப் புஷ்பமேரி அன்றைக்கு அவள் கையைப் பிடித்து இழுத்ததோடு சரி. எழுந்திரு, இன்னும் பாதி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். பஸ் ஏறி ஆத்தூருக்கே போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. மார்கழியில் மதுரையில் கல்லூரிகளுக்குள் போட்டி நடக்கிறது, அங்கே நன்றாக ஆடுகிறவர்களைப் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள், அதில் பேர் வந்துவிட்டால் விளையாட்டு ஆசிரியைப் படிப்புக்கு இடம் நிச்சயம், பிறகு வேலை என்று பெருமாள்சாமியிடம் மூச்சுவிடாமல் சொன்னார். பெருமாள்சாமி கடைசி வரை கேட்டார். தன் மனைவி ஊரார் வாயில் பட்டதெல்லாம் போதும் என்றார்.

"எம் மக ஒருத்தனுக்காக ஆயுசு பூரா குனிஞ்சு நடக்கக் கூடாது டீச்சர். அதுக்குத்தான் எரியோடு."

பழனியம்மாள் பூக்கட்டிக்கொண்டே நிமிராமல் ஒரு வார்த்தை சொன்னார், ஆட்டம் முடிகிற வரை பொறுத்தால் என்ன என்று. மார்கழியில் எப்படியும் நல்ல காரியம் பேச முடியாது. பெருமாள்சாமி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மதுரையில் பேர் எடுத்தால் படிக்கட்டும். இல்லாவிட்டால் தை பிறந்ததும் எரியோட்டுக்காரருடன் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது. திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் அந்த விதிப்புத்தகத்தையே புரட்டிக்கொண்டு வந்தார். மூன்றில் ஒரு பந்து என்பது அவருக்கும் தெரியும்.

மார்கழி பிறந்த முதல் வாரத்தில் மதுரைக்குப் போனோம். பேகம்பூர்த் தையல்காரர் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சல்வார் கமீஸ்; முத்துப்பேச்சியுடையதில் காலுக்கு மட்டும் தனியாக ஒட்டுத்துணி. காலையில் ஓர் ஆட்டம், ஜெயித்தால் சாயங்காலம் இறுதி ஆட்டம். மைதானத்துக்குள் நுழைந்ததும் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டது: வலை தொய்ந்து கிடந்தது.

டீச்சர் விடுவாரா? நேராக நடுவரிடம் போனார். வலை இறங்கிக் கிடக்கிறது, ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகள் உயரமானவர்கள் என்பதற்காக இப்படிச் செய்வது நியாயமில்லை என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். உயரமான பிள்ளை ஒருத்திதான். நான் பக்கத்தில்தான் நின்றேன். நடுவர் பொறுமைசாலி. அளவுகோலைக் கொண்டுவரச் சொல்லி எங்கள் கண்ணெதிரே வைத்துக் காட்டினார். ஏழடி நாலங்குலம், ஒரு நூல்கூடப் பிசகில்லை.

டீச்சர் கோலைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், மெதுவாகத் திரும்பி முத்துப்பேச்சியின் கையைப் பார்த்தார். நான் அவளது கையைப் பிடித்து நீட்டி, என் கையை அதன்மேல் முட்டியோடு முட்டி வைத்தேன். என் நடுவிரல் அவள் உள்ளங்கையில் நின்றது. டீச்சர் அந்தக் கோலை வாங்கி அவள் முழத்தை அளந்தார். பதினெட்டு அங்குலம் இருக்க வேண்டியது பத்தொன்பதரை இருந்தது; ஐந்து முழத்துக்கு ஏழரை அங்குலம் கூடுதல்.

"நாலு மாசமா ஆம்பளைங்க ஒசரத்துலதான்டி ஆடிருக்கீங்க" என்றார் டீச்சர்.

பழனியம்மாளின் முழத்துக்காக மூன்று கடை தாண்டிப் போகிற ஊர் எங்கள் ஊர். அந்த அம்மாள் பெற்ற மகளின் முழமும் நீளமாகத்தான் இருக்கும் என்று எங்கள் இருபது பேரில் ஒருத்திக்கு உறைக்கவில்லை. சூசை மாஸ்டருக்கு அது சரியாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை. அவர் அந்த உயரத்தில் ஆடுகிறவர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் சிரித்தோம். முத்துப்பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. வலைக்கடியில் போய் நின்று கையைத் தூக்கினாள். குதிக்காமலே விரல் மேல்கயிற்றைத் தாண்டியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

வலை இறங்கிவிட்டால் வெற்றி வந்துவிடும் என்று நினைத்தால் அது பேதைமை. காலை ஆட்டத்தில் முதல் சுற்றைத் தோற்றோம். கை பழைய உயரத்துக்கே பழகியிருந்தது. அடித்த பந்தெல்லாம் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. இரண்டாவது சுற்றில் நான் பந்தை ஒரு முழம் தாழ்த்திக் கொடுத்தேன். பிறகு பார்க்க வேண்டுமே. எதிரணிப் பெண்கள் பந்தைத் தடுப்பதை விட்டுவிட்டு முகத்தைத் தடுக்க ஆரம்பித்தார்கள். முத்துப்பேச்சி கையைத் தூக்கி நின்றாலே எதிரே இருப்பவளுக்கு வானம் தெரியாது. மிச்ச இரண்டு சுற்றையும் வாரிக்கொண்டு வந்தோம்.

இறுதி ஆட்டம் மதுரைக் கல்லூரி ஒன்றுடன். அவர்கள் எங்களைப் போல இல்லை, ஆட்டம் தெரிந்தவர்கள். இரண்டு பேர் ஐந்தடி ஏழு. காலையில் எங்கள் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டிருந்தார்கள். முத்துப்பேச்சி எழும்பும்போது அந்த இருவரும் சேர்ந்து எழும்பி நாலு கையால் சுவர் வைத்தார்கள். முதல் சுற்று எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு.

மூன்றாவது சுற்று நடக்கும்போதுதான் பெருமாள்சாமியைப் பார்த்தேன். மதுரைப் பூ மார்க்கெட்டில் சம்பங்கியை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். தலைத்துண்டு, வெறுங்கூடை, கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிக்கொண்டார். முத்துப்பேச்சியும் பார்த்துவிட்டாள். தோள் உடனே குறுகியது. அடுத்த இரண்டு பந்தையும் விட்டாள்.

பதினாலுக்குப் பதின்மூன்று. நாங்கள்தான் முன்னால், ஆனால் அவர்கள் ஏறி வருகிறார்கள். அவள் குனிந்து முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கினாள். என் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் அவள் காது வந்தது அன்றைக்குத்தான் உதவியாக இருந்தது.

"நம்ம ஊரு ஒசரத்துக்குப் போடுறேன்டி. எந்திரிச்சு வா."

புரிந்துகொண்டாள். சர்வீஸ் போனது, பந்து திரும்பி வந்தது, பின்னால் நின்றவள் எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் அதைக் காலையிலிருந்து கொடுத்த உயரத்தில் கொடுக்கவில்லை. நாலு மாதம் விரல் வீங்கத் தூக்கினேனே, அந்த உயரத்துக்குத் தூக்கினேன். எதிரே இரண்டு பேரும் வழக்கம்போல எழும்பினார்கள். பந்து அவர்கள் கைக்கு மேலே இருந்தது. அவர்கள் இறங்கும்போதும் மேலேதான் இருந்தது. அப்போதுதான் முத்துப்பேச்சி எழும்பினாள். தோளைக் குறுக்காமல், கழுத்தை இழுக்காமல், உள்ளபடியே அவ்வளவு பெரியவளாக எழும்பினாள். மலைக்கோட்டைப் படி அத்தனையும் அந்தக் காலில் இருந்தது. அடித்த சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். பந்தை நான் பார்க்கவில்லை. அது விழுந்த இடத்தில் புழுதி எழும்பியதைப் பார்த்தேன்.

ஜெயித்துவிட்டோம். நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. டீச்சர் நடுவரையே கட்டிப்பிடிக்கப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்கே பல்கலைக்கழக அணிக்கு வாசித்த பெயர்களில் அவள் பெயர் முதலாவதாக வந்தது. பிறகு அவள் படித்தாள், விளையாட்டு ஆசிரியை ஆனாள், நிலக்கோட்டைப் பக்கமும் வத்தலக்குண்டுப் பக்கமும் முப்பது வருடம் வேலை பார்த்தாள். அவள் போன பள்ளிக்கூடத்தில் எல்லாம் அளவு நாடா இருந்தது. இருந்தும் பயிற்சிக்கு வலையைத் தன் முழத்தில்தான் கட்டுவாள். பிள்ளைகள் ஆறு மாதம் அவளைத் திட்டுவார்கள். அதற்குப் பிறகு கோப்பை வாங்கிக்கொண்டு வருவார்கள். கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை அவளைவிட மூன்றங்குலம் குட்டை. பார்த்துப் பேசி, அவளுக்குப் பிடித்துச் செய்துகொண்டது. பெருமாள்சாமி அந்த மாப்பிள்ளையை நிற்கவைத்துப் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் மதுரையில் அந்தச் சாயங்காலம் நடந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அவரிடம், அந்த நெட்டைப் பிள்ளை யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். எம் மக, எம் மக என்று சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போயிருந்தது. எரியோட்டுக்கு நாளைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சம்பங்கி மாலை, நடுநடுவே கனகாம்பரம் வைத்துக் கட்டியது. ஜெயித்தால் பிள்ளைக்குப் போடு, தோற்றால் மீனாட்சிக்குச் சாத்திவிட்டு வா என்று பழனியம்மாள் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார். அவர் முழத்தில் நாலு முழம்.

மாலையை எடுத்துக்கொண்டு அவர் மகளுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் தலை அவள் தோளளவுக்குத்தான் இருந்தது. சுற்றிலும் மதுரைப் பிள்ளைகள், டீச்சர்கள், வேடிக்கை பார்க்கிற சனம். முத்துப்பேச்சி வழக்கம்போலத் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைக்க ஆரம்பித்தாள்.

"குனியாத ஆத்தா" என்றார்.

அவள் அப்படியே நின்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வலைக் கம்பத்தை ஒட்டி நடுவர் உட்கார்ந்திருந்த உயர நாற்காலி இருந்தது, ஏறுவதற்கு ஏணி வைத்தது. மகளைக் கையைப் பிடித்து அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு, மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அந்த ஏணியில் ஒரு படி ஏறினார். போதவில்லை. இன்னொரு படி ஏறி, நிமிர்ந்து நின்ற மகள் கழுத்தில் மாலையைப் போட்டார்.